இல்ல அடைவைக் கண்டறிதல் (சி நிரலாக்கம்)

இல்ல அடைவு என்பது யுனிக்ஸ் வகை இயங்குதளங்களில் ஒவ்வொரு பயனருக்கும் உரியதாக ஒதுக்கப்படும் கோப்பு அடைவு ஆகும். இது வீட்டு அடைவு, முகப்பு அடைவு என்றும் வழங்கப்படுகிறது. பயனரின் ஆவணங்களும், அவர் பயன்படுத்தும் மென்பொருள்களின் அமைப்புக் கோப்புகளும் இதனுள் சேமிக்கப்படுகின்றன. சி மொழியில் எழுதப்பட்ட நிரல் ஒன்று தன் கோப்புகளை எங்கே வைப்பது என முடிவு செய்வதற்கு முன் இவ்வடைவின் பாதையை அறிந்தாக வேண்டும்.

இக்கேள்விக்கு இரண்டு இடங்களில் விடை கிடைக்கும். ஒன்று, 'ஹோம்' எனப் பெயர் கொண்ட சூழல் மாறி. மற்றொன்று, கணினியின் பயனர் தரவுத்தளம். முன்னது பயனரின் விருப்பத்தையும் பின்னது கணினி நிருவாகியின் பதிவையும் காட்டுகின்றன. பெரும்பாலான நேரங்களில் இரண்டும் ஒன்றையே கூறும். அவை வேறுபடும் நேரங்களில் எதை நம்புவது என்பது தெரியாமல் எழுதப்பட்ட நிரல்கள், ஒருவரின் கோப்பை வேறொருவரின் இடத்தில் எழுதுவதும், உள்ள கோப்பை அழிப்பதும் உண்டு.

வரலாறு

யுனிக்ஸ் 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிட்ச்சி ஆகியோரால் உருவாக்கத் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் பயனர்களின் அடைவுகள் '/யூஎஸ்ஆர்' என்ற அடைவின் கீழ் இருந்தன. நாளடைவில் இயங்குதளத்தின் கோப்புகள் அங்கே பெருகவே, பயனர்களின் அடைவுகள் வேறிடங்களுக்குப் பெயர்ந்தன. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைக்குக் கணினியியலில் இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு இல்லை. எங்கே பெயர்வது என்பதில் ஒவ்வோர் இயங்குதளமும் ஒவ்வொரு வழியைப் பின்பற்றியது. லினக்சில் பொதுவாக '/ஹோம்', சோலாரிசில் '/எக்ஸ்போர்ட்/ஹோம்', மாக் இயங்குதளத்தில் '/யூசர்ஸ்' என்றவாறு இடங்கள் வேறுபடுகின்றன. லினக்சிலேயே தலைமைப் பயனரான 'ரூட்' என்பவரின் அடைவு '/ஹோம்' என்பதன் கீழ் இல்லாமல் '/ரூட்' எனத் தனியே உள்ளது. எனவே '/ஹோம்/' என்ற சரத்துடன் பயனர் பெயரை ஒட்டிப் பாதையை உருவாக்குவது ஊகமே அன்றி அறிதல் ஆகாது.

சூழல் மாறிகள் 1979இல் வெளியான ஏழாம் பதிப்பு யுனிக்சில் அறிமுகமாயின. பயனர் உள்நுழையும்போது உள்நுழைவு நிரல் தரவுத்தளத்தைப் பார்த்து 'ஹோம்' மாறியை நிரப்பிவிடும். அதன் பின் அம்மாறி பயனரின் கையில் உள்ளது. அவர் அதை எப்படியும் மாற்றிக்கொள்ளலாம்.

பயனர் தரவுத்தளம்

தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு அறிமுகமான பாஸ் லினக்சு இயங்குதளத்தை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். இது சென்னை அடையாற்றை அடுத்த தரமணியில் இயங்கும் உயர் கணிமை வளர்ச்சி மையத்தால் (சி-டாக்) டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கப்பட்டு, 2007இல் முதன்முதலாக வெளியிடப்பட்டது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசுடன் இதுவும் நிறுவி வழங்கப்பட்டது.

இத்தகைய கணினியில் பயனர் விவரங்கள் '/ஈடிசி' அடைவில் உள்ள கடவுச்சொல் கோப்பில் வரிக்கு ஒருவராகப் பதியப்பட்டிருக்கும். கயல் என்ற மாணவியின் வரி, தமிழ் எழுத்தில் எழுதினால், பின்வருமாறு அமையும்:

கயல்:எக்ஸ்:1001:1001:கயல்விழி:/ஹோம்/கயல்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்ட ஏழு புலங்கள் இதில் உள்ளன. அவை முறையே பயனர் பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், முழுப்பெயர் முதலிய குறிப்புகள், இல்ல அடைவு, உள்நுழைந்ததும் இயங்க வேண்டிய ஷெல் என்பனவாம். கோப்பின் பெயர் கடவுச்சொல் கோப்பு என்றிருந்தாலும் இன்று கடவுச்சொல் இதில் இருப்பதில்லை. இக்கோப்பை எல்லாப் பயனரும் படிக்க இயலும் என்பதால், மறையாக்கப்பட்ட கடவுச்சொற்கள் தலைமைப் பயனர் மட்டுமே படிக்கத்தக்க வேறொரு கோப்புக்கு மாற்றப்பட்டன. 'எக்ஸ்' என்ற எழுத்து அதைக் குறிக்கும் அடையாளம் மட்டுமே.

ஆறாம் புலத்தில் ஒரு பாதை எழுதப்பட்டிருப்பதால் அவ்வடைவு உண்மையிலேயே இருக்கிறது என்று பொருள் அல்ல. டெபியனில் 'நோபடி' என்ற பயனருக்கு '/நான்எக்சிஸ்டன்ட்' என்றே பாதை தரப்பட்டுள்ளது. 'இல்லாதது' என்பதே அதன் பொருள்.

செயற்கூறுகள்

கடவுச்சொல் கோப்பை நிரல் தானே திறந்து படிக்கத் தேவையில்லை. அவ்வாறு படிப்பது தவறும் ஆகும். இதற்கென 'பிடபிள்யூடி' என்ற தலைப்புக் கோப்பில் இரண்டு செயற்கூறுகள் அறிவிக்கப்பட்டுள்ளன. பயனரின் பெயரைக் கொடுத்தால் 'கெட்-பிடபிள்யூ-நேம்', பயனர் எண்ணைக் கொடுத்தால் 'கெட்-பிடபிள்யூ-யுஐடி' ஆகியவை ஒரு கட்டமைப்பின் முகவரியைத் திருப்பித் தரும். அக்கட்டமைப்பில் 'பிடபிள்யூ-டிர்' என்ற உறுப்பே இல்ல அடைவின் பாதை. தன்னை இயக்குபவர் யார் என்பதை நிரல் 'கெட்-யுஐடி' செயற்கூற்றால் அறிந்து, அவ்வெண்ணை இரண்டாவது செயற்கூற்றுக்குக் கொடுப்பது வழக்கம்.

இங்கு இரண்டு இடர்கள் உள்ளன. அப்பெயரில் பயனர் இல்லையெனில் வெற்று முகவரி திரும்பும். அதைச் சோதிக்காமல் உறுப்பை அணுகும் நிரல் அங்கேயே முறிந்துவிடும். தேடல் பிழையால் நின்றாலும் இதே வெற்று முகவரிதான் கிடைக்கும். ஆகவே அழைப்பதற்கு முன் 'எர்நோ' என்ற பிழை எண்ணைச் சுழியாக்கி, பின்னர் அது மாறியுள்ளதா எனப் பார்க்க வேண்டும். 'அப்படி ஒருவர் இல்லை', 'கேட்டுச் சொல்ல இயலவில்லை' ஆகிய இரண்டும் வெவ்வேறு விடைகள்.

இரண்டாவது இடர் மேலும் நுட்பமானது. திரும்பும் கட்டமைப்பு நிரலகத்துக்குச் சொந்தமான நினைவகத்தில் உள்ளது. அடுத்த அழைப்பு அதே இடத்தில் புதிய விவரத்தை எழுதக்கூடும். கயலின் கோப்பு ஒன்றை மாறன் என்ற பயனரின் அடைவுக்கு நகலெடுக்கும் நிரலைக் கருதுக. அது முதலில் கயலைத் தேடி முகவரியை வைத்துக்கொள்கிறது. பிறகு மாறனைத் தேடுகிறது. இப்போது இரு முகவரிகளும் ஒரே இடத்தைச் சுட்ட, இரண்டிலும் மாறனின் பாதையே தெரியும். மாறனிடம் அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால், நிரல் அதையே படிக்கவும் எழுதவும் திறக்கும். எழுதுவதற்காகத் திறந்த கணமே அது வெறுமையாகிவிடும். கயலின் கோப்பு நகலாகவில்லை; மாறனின் கோப்பும் போயிற்று. பிழைச்செய்தி எதுவும் வராது. முதல் தேடல் முடிந்தவுடன் பாதையைத் தனியே நகலெடுத்து வைப்பதே இதற்குத் தீர்வு. அம்முகவரியை நிரலர் விடுவிக்கவும் கூடாது.

பல இழைகளைக் கொண்ட நிரல்களில் இச்சிக்கல் தற்செயலாகவும் நிகழும். அவற்றுக்கென 'ஆர்' என்ற எழுத்தை ஈற்றில் கொண்ட மாற்று வடிவங்கள் உள்ளன. இவற்றில் நினைவகத்தை அழைப்பவரே கொடுக்க வேண்டும். எவ்வளவு தேவை என்பதை 'சிஸ்கான்ஃப்' செயற்கூறு கூறும் எனினும், அது தொடக்க அளவுக்கான பரிந்துரை மட்டுமே. சில இயங்குதளங்களில் -1 என்றே விடை வரும். இடம் போதாது என்ற பிழை வந்தால் அளவை இருமடங்காக்கி மீண்டும் அழைப்பது நடைமுறை.

எதை நம்புவது

சாதாரண நிரல்கள் 'ஹோம்' மாறியை முதலில் பார்ப்பதும், அது இல்லாமலோ வெறுமையாகவோ இருந்தால் தரவுத்தளத்தை நாடுவதும் ஏற்றுக்கொள்ளப்பட்ட முறை ஆகும். சூழல் மாறியை 'கெட்என்வ்' செயற்கூறு தரும். பயனர் ஒரு மென்பொருளைச் சோதிப்பதற்காக அம்மாறியை வேறு அடைவுக்கு மாற்றியிருந்தால், அவருடைய விருப்பத்தை மதிப்பதே முறை. பின்னணியில் இயங்கும் சேவைகளுக்கு அம்மாறி இல்லாமலே போகலாம்.

பிற பயனர் ஒருவரின் அடைவை அறிய வேண்டுமெனில் சூழல் மாறி பயன்படாது. அப்போது தரவுத்தளம் ஒன்றே வழி.

இயக்குபவரின் உரிமையைவிட உயர்ந்த உரிமையுடன் இயங்கும் நிரல்களுக்கு இம்முறை பொருந்தாது. அத்தகைய நிரல் 'ஹோம்' மாறியை நம்பினால், அதை இயக்குபவர் தமக்கு உரிமையில்லாத அடைவு ஒன்றை அம்மாறியில் எழுதி, நிரலைக் கொண்டே அங்கே கோப்புகளை உருவாக்க முடியும். இங்கே பயனர் எண்ணைக் கொண்டு தரவுத்தளத்தை நாடுவதே பாதுகாப்பு. குனூ சி நிரலகத்தின் 2.17ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட 'செக்யூர்-கெட்என்வ்' செயற்கூறு, உரிமை உயர்ந்த நிலையில் சூழல் மாறியைத் தர மறுத்து வெற்று முகவரியைத் தரும்.

'சுடோ' கட்டளை இன்னொரு குழப்பத்தை உண்டாக்கியது. உபுண்டுவில் 19.10 பதிப்புக்கு முன்பு, அக்கட்டளை வழியே இயங்கிய நிரல் தலைமைப் பயனரின் உரிமையையும் சாதாரணப் பயனரின் 'ஹோம்' மாறியையும் ஒருங்கே பெற்றது. இதனால் பயனரின் அமைப்புக் கோப்புகள் தலைமைப் பயனருக்கு உடைமையாகி, அடுத்த முறை அதே மென்பொருளைத் திறந்தவரால் தம் கோப்பிலேயே எழுத முடியாமல் போனது.

அலைக்குறி

ஷெல்லில் '~' என்ற அலைக்குறி இல்ல அடைவைக் குறிக்கும். இவ்வழக்கம் பெர்க்லியில் பில் ஜாய் எழுதிய சி ஷெல்லால் பரவியது. ஏடிஎம்-3ஏ என்ற முனையத்தின் விசைப்பலகையில் அலைக்குறியும் 'ஹோம்' என்ற சொல்லும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன.

அலைக்குறியை விரித்துப் பாதையாக்குவது ஷெல்லின் வேலை. கருவோ சி நிரலகத்தின் கோப்புத் திறப்புச் செயற்கூறுகளோ இதைச் செய்வதில்லை. அலைக்குறியில் தொடங்கும் பாதையைச் சி நிரல் அப்படியே திறக்க முயன்றால் கோப்பு இல்லை என்ற பிழையே வரும். அடைவை உருவாக்கச் சொன்னால் '~' என்ற பெயரிலேயே ஓர் அடைவு தோன்றிவிடும். தொடக்கநிலை மாணவர் அதைக் கண்டு, நீக்கும் கட்டளையை அலைக்குறியுடன் ஷெல்லில் தட்டச்சு செய்தால், ஷெல் அதை விரித்து அவருடைய இல்ல அடைவு முழுவதையும் நீக்கப் புறப்படும். குறியை மேற்கோளுக்குள் இடுவதோ, முன்னே './' சேர்ப்பதோ இதைத் தடுக்கும். நிரலுக்குள் அலைக்குறியை விரிக்க 'வேர்ட்எக்ஸ்ப்' செயற்கூறு உதவும். ஆனால் அது கொடுத்த சரத்திலுள்ள கட்டளைகளையும் இயக்கக்கூடியது என்பதால் அவ்வசதியைத் தடுக்கும் கொடியுடன் மட்டுமே அழைக்க வேண்டும்.

வலையமைப்பில் பயனர்கள்

ஒரு மடிக்கணினிக்குக் கடவுச்சொல் கோப்பு போதும். அடையாற்றை ஒட்டி 1959 முதல் இயங்கிவரும் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் போன்ற பெரிய வளாகங்களில், ஒவ்வொரு மாணவரையும் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே பதிவது நடைமுறைக்கு ஒவ்வாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1980களில் இதற்கு இரண்டு வழிகளை வகுத்தது. கோப்புகளை வலையமைப்பில் பகிரும் என்எஃப்எஸ் ஒன்று; பயனர் பட்டியலைப் பகிரும் என்ஐஎஸ் மற்றொன்று. பின்னது முதலில் 'யெல்லோ பேஜஸ்' என்றழைக்கப்பட்டது. அப்பெயர் பிரித்தானியத் தொலைபேசி நிறுவனத்தின் வணிகக்குறியாக இருந்ததால் கைவிடப்பட்டது. என்ஐஎஸ் வகித்த இடத்தைப் பிற்காலத்தில் எல்டாப் நெறிமுறை பெரிதும் பிடித்துக்கொண்டது.

தேடலை எங்கெங்கே, எந்த வரிசையில் நிகழ்த்துவது என்பதைப் பெயர்ச் சேவைத் தெரிவுக் கோப்பு தீர்மானிக்கிறது. மேற்கண்ட செயற்கூறுகள் இக்கோப்பின்படியே நடப்பதால், பயனர் எங்கே பதியப்பட்டிருந்தாலும் அவர் கண்டறியப்படுவார். கடவுச்சொல் கோப்பைத் தானே திறந்து படிக்கும் நிரலுக்கு அவர் இல்லாதவரே. குனூ நிரலகத்துடன் நிலையாகப் பிணைக்கப்பட்ட நிரல்களிலும் இவ்வசதி தடைபடலாம். பிணைக்கும்போது வரும் எச்சரிக்கையைப் புறக்கணிப்பவர்கள் வேறு கணினியில் அதன் பொருளை உணர்வர். கொள்கலன்களிலோ, பதிவே இல்லாத பயனர் எண் ஒன்றின் கீழ் நிரல் இயங்குவது இயல்பு. அங்கே தரவுத்தளம் கைவிட, சூழல் மாறியே துணை.

தமிழ்ப் பெயர் கொண்ட அடைவுகள்

இல்ல அடைவின் பாதை பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் அமைந்தாலும், அதனுள் இருக்கும் துணை அடைவுகள் தமிழ்ப் பெயர் பெறலாம். பணிச்சூழலைத் தமிழில் அமைத்தவருக்கு ஆவணங்கள், பதிவிறக்கங்கள் முதலியவற்றின் அடைவுகள் மொழிபெயர்க்கப்பட்ட பெயர்களுடன் உருவாகக்கூடும். இல்ல அடைவின் பாதையுடன் 'டெஸ்க்டாப்' என்ற ஆங்கிலச் சொல்லை ஒட்டும் நிரல் அங்கே தோற்கும். இப்பெயர்கள் இல்ல அடைவுக்குள் '.கான்ஃபிக்' என்ற மறைவு அடைவிலுள்ள ஒரு கோப்பில் எழுதப்பட்டிருக்கும். அங்கிருந்தே அவற்றைப் படிக்க வேண்டும்.

நீளத்தைக் கணக்கிடுவதிலும் கவனம் தேவை. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் 3 பைட்டுகளைக் கொள்ளும். முகத்துவாரப் பறவைகளின் படங்களுக்காகக் கயல் 'அடையாறு' என்ற அடைவை உருவாக்கினால், கண்ணுக்கு நான்காகத் தெரியும் எழுத்துகள் துணைக்குறிகளுடன் 7 புள்ளிகளாகி, 21 பைட்டுகளை எடுத்துக்கொள்ளும். சரத்தின் முடிவைக் காட்டும் சுழிக்கு மேலும் ஒன்று வேண்டும். லினக்சின் பெரும்பாலான கோப்பு முறைமைகளில் ஒரு பெயரின் உச்ச அளவு 255 பைட்டுகள் ஆதலால், தமிழில் 85 புள்ளிகளுக்கு மேல் எழுத இயலாது. எழுத்துகளை எண்ணி நினைவகம் ஒதுக்கும் நிரல் இங்கே தனக்குரிய இடத்தைத் தாண்டி எழுதிவிடும். 'ஸ்ட்ரிங் லெங்த்' செயற்கூறு பைட்டுகளையே எண்ணுவதால், ஒதுக்கீட்டுக்கு அது தரும் எண்ணுடன் ஒன்றைக் கூட்டிக்கொண்டால் போதுமானது.