ராவாம முடியுமா, டாக்டர்?

தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நாற்பதைத் தாண்டியவர்களில் பலருக்கு முன்பல்லில் காவி நிறத்தில் கோடோ திட்டோ இருக்கும். அவர்களுடைய இளமைக்காலத்தில் இதை யாரும் வியாதியாக எடுத்துக்கொண்டதில்லை. "என்ன கண்ணு பண்றது, நம்ம ஊர்த் தண்ணி அப்படி" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஸ்டுடியோவுக்குப் போனால் போட்டோகிராபரே "வாயை மூடிக்கிட்டுச் சிரிம்மா" என்பார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசிப் பழகிய பெண்களுக்குப் பிற்பாடு அதுவே சுபாவமாகிப்போனது.

செங்கல் தூள், அடுப்புக்கரி, சாம்பல், உப்பு என்று எதையெதையோ போட்டுத் தேய்த்தார்கள். ஆனால் அந்தக் கறை வெளியிலிருந்து வந்து ஒட்டியது அல்ல. ஏறத்தாழ எட்டு வயது வரை, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும்போதே, குடிதண்ணீரிலுள்ள அதிகப்படி ஃபுளூரைடு எனாமலைக் கெடுத்துவிடுகிறது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தர அளவு. சென்னை மாகாணத்தில் நெல்லூர்ப் பக்கத்து மக்களிடம் ஃபுளூரைடு பாதிப்பு இருப்பதை ஷார்ட் என்பவரும் உடன் பணியாற்றியவர்களும் 1937இலேயே ஆய்வாக எழுதிவிட்டார்கள். அந்தச் செய்தி ஊர்க்கிணற்றடிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை தேய்த்த தேய்ப்பில் கறை போகவில்லை. எனாமல்தான் தேய்ந்தது, கூச்சம்தான் மிச்சம்.

பணம் இருந்து பல் டாக்டரிடம் போனவர்களுக்கு அன்று கிடைத்த பெரிய வைத்தியம் கேப். ஒரு பல்லுக்குக் கேப் போட அதைச் சுற்றிலும் ராவி, குச்சியாக்க வேண்டும். இருபது வயதுப் பெண்ணுக்கு ஆறு முன்பல் என்றால் ஆறையும். உள்ளே உலோகம், மேலே பீங்கான். சில ஆண்டுகளில் ஈறு சற்று மேலேறியதும் விளிம்பில் சாம்பல் நிறக் கோடு தெரியும். "காவியே பரவாயில்ல, ஒரிஜினல் பல்லு போயிரும்" என்று திரும்பிப் போனவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் பயந்ததில் முழு நியாயம் இருந்தது.

பல்லைக் குறைக்காமல் மேலே ஒன்றை ஒட்டி மறைக்கும் யோசனை பழசுதான். 1930களில் ஹாலிவுட் நடிகர்களுக்காக சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் மெல்லிய மூடிகள் செய்து கொடுத்தார். குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிளின் விழுந்த பல் இடைவெளிகளும் இப்படித்தான் மறைந்தன. ஆனால் படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைக்க வேண்டும், காரணம் நிலைத்துப் பிடிக்கும் பசை கிடையாது. அதற்கு வழி காட்டியவர் நியூயார்க் மாநிலம் ராச்செஸ்டரில் இருந்த மைக்கேல் புவோனகோர். உலோகத்தில் பெயின்ட் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் தடவுவார்கள். அதையே எனாமலில் தடவினால் மேலே ஒட்டுவது நன்றாகப் பிடிக்கிறது என்று கண்டு 1955இல் வெளியிட்டார். பல் நிறப் பிசினை ஒட்டி வடிவமைக்கும் இன்றைய பாண்டிங்கும், பல்லின் முன்பக்கத்தில் மெல்லிய தகடாக ஒட்டும் வெனீரும் நிற்பது அந்த அடித்தளத்தில்தான்.

இப்போது பாண்டிங் நடக்கும் விதத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். முதலில் நிறம் பார்க்கிறார்கள். பல் காய்ந்தால் வெளுத்துக் காட்டும் என்பதால் ஈரத்தோடு இருக்கும்போதே பார்க்க வேண்டும். பிறகு நீல நிற அமில ஜெல், சில நொடிகள். கழுவிக் காற்றடித்தால் அந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கலாகத் தெரியும். அதன்மேல் பசை, அதன்மேல் மாவுப் பதத்தில் காம்போசிட் என்ற அந்தப் பிசின். அடுக்கடுக்காக வைத்து நீல ஒளி காட்டினால் நொடிகளில் இறுகிவிடும். கடைசியில் பாலிஷ். பெரும்பாலும் ஊசிகூடத் தேவைப்படாது. ஆனால் ஃபுளூரைடு ஏறிய எனாமலின் மேல்படலம் அமிலத்துக்கு எளிதில் மசியாது. லேசாகச் சுரண்டவோ, ஜெல்லைக் கூடுதல் நேரம் வைக்கவோ வேண்டும். இதைக் கவனிக்காமல் அவசரப்பட்டால் ஒட்டியது சீக்கிரமே பெயர்ந்து வரும்.

2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பே பல் முளைத்துவிட்ட பிள்ளைகள்தான் இன்று ஓசூரிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய், கையில் காசு வந்ததும் பல் டாக்டரைத் தேடுகிறார்கள். அம்மாக்களைப்போல் இவர்கள் மௌனமாக இல்லை, கேள்விகளோடு வருகிறார்கள். முறுக்கு கடித்தால் விழுந்துவிடுமா? முன்பல்லால் கரும்பு கடிப்பதையும் எலும்பு கடிப்பதையும் விட்டுவிட வேண்டும், முறுக்கை உடைத்துக் கடைவாயில் போடலாம். டீக்கறை பிடிக்குமா? காம்போசிட்டில் பிடிக்கும், பீங்கான் வெனீரில் அவ்வளவு பிடிக்காது. பிறகு வெள்ளையாக்க முடியுமா? ப்ளீச் சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும், ஒட்டியதை வெளுக்காது. அதனால் வெளுக்க நினைப்பவர்கள் அதை முதலில் செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் வருவது "ராவாம முடியுமா, டாக்டர்?" என்பதுதான். காம்போசிட் பாண்டிங்குக்குப் பெரும்பாலும் ராவவே வேண்டாம், அல்லது மேலோட்டமாகப் போதும். பீங்கான் வெனீருக்கு முன்பக்கம் மட்டும் சுமார் அரை மில்லிமீட்டர் எடுப்பது வழக்கம். கேட்கச் சின்னக் கணக்கு. ஆனால் முன்பல்லின் எனாமல் நுனிப் பக்கத்திலேயே சுமார் 1 மில்லிமீட்டர்தான், ஈறோரம் அதிலும் குறைவு. எடுத்தது திரும்ப வளராது. எனாமலைத் தாண்டி உள்ளே போனால் கூச்சமும் வரும், பிடிப்பும் குறையும்.

அதனால்தான் இப்போது நடப்பதைப் பார்த்து எனக்குக் கவலையாக இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது ரீல்ஸில் பார்த்த காகித வெள்ளைச் சிரிப்பைக் காட்டி, அதுவே வேண்டும் என்று வருகிறார்கள். கறையே இல்லாத, லேசாகக் கோணிய நல்ல பற்களைச் சில இடங்களில் சுற்றிலும் ராவிவிட்டு அதை வெனீர் என்று சொல்லி அனுப்புகிறார்கள். சுற்றிலும் ராவினால் அது பழைய கேப்தான். வெளிநாடு போய் இப்படிச் செய்துகொண்டு வந்து தவிக்கும் இளைஞர்கள் பிரிட்டனிலும் உண்டு. கோணலுக்குக் க்ளிப் போட்டு ஒரு வருடம் பொறுத்தால் சொந்தப் பல்லோடு சிரிக்கலாம்.

நாற்காலியில் சாய்வதற்கு முன், எந்தப் பல்லில், எந்தப் பக்கம், எவ்வளவு எடுப்பீர்கள் என்று கேட்க வேண்டும். அடுத்து, இது எத்தனை வருடம் வரும் என்று. காம்போசிட் சுமார் ஐந்தாறு வருடம். மூலை உடைந்தால் அதே இடத்தில் ஒட்டுப்போட்டுக்கொள்ளலாம். பீங்கான் பத்துப் பதினைந்து வருடமோ அதற்கு மேலோ வரும். உடைந்தால் பெரும்பாலும் முழுதாக மாற்ற வேண்டும். இருபத்திரண்டில் வெனீர் வைப்பவர் நாற்பதுக்குள் ஒருமுறையும் அறுபதுக்குள் இன்னொரு முறையும் அதே செலவைச் செய்ய வேண்டிவரலாம். அதைச் சொல்லாமல் இன்றைய விலையை மட்டும் சொல்கிற டாக்டரிடம், அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடலாம்.