அப்பாவின் கைப்பேசியில் நடைக்கணக்கு உண்டா?



மாலை வேளையில் உங்கள் வட்டாரத்துப் பூங்காவுக்குச் சென்று பாருங்கள். இளைஞர் ஒருவர் வியர்க்க ஓடி முடித்ததும் கைப்பேசியை எடுத்துப் பார்க்கிறார். எத்தனை கிலோமீட்டர், எத்தனை காலடி என்று அதிலுள்ள செயலி அவருக்குக் கணக்கு ஒப்புவிக்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால், அதே நேரத்தில் அவருடைய தந்தை எங்கே? பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் இரண்டாவது தே தாரிக்குக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். இனிப்பு நீர் இருப்பதோ மகனுக்கல்ல, தந்தைக்கு!

இது கேலிக்காகச் சொல்வதன்று. அமெரிக்காவில் கைப்பேசி வைத்திருக்கும் 1,604 பேரிடம் விசாரித்த ஓர் ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அவர்களில் நூற்றுக்கு 58 பேர் உடல்நலச் செயலி ஏதேனும் ஒன்றைப் பயன்படுத்த முனைந்திருந்தனர். இளையோர், படித்தோர், நல்ல வருமானம் உள்ளோர், உடல் பருத்தோர் ஆகியோரே அதிகம். நடையைக் கணக்கிடவும், உண்பதைக் குறித்து வைக்கவும், எடையைக் குறைக்கவும் அவர்கள் அதை நாடினர். பாதியில் கைவிட்டவர்களும் பலர். உண்பதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பதிந்து வைப்பது சலிப்பைத் தந்தது; ஆர்வம் குன்றியது; இலவசம் என்று எண்ணியதற்குப் பிறகு கட்டணம் கேட்டது. இவையே காரணங்கள்.

நம் வீட்டு நிலை என்ன? மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 31 பேர்! 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காடாகக் குறைந்தது. ஆயினும் நாம் அசட்டையாக இருப்பதற்கில்லை.

விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து பால் சீவி, வாளி சுமந்த தலைமுறைக்கு நடையை எண்ணிச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தோம். நடை குறைந்தது, தட்டில் சோறு மட்டும் குறையவில்லை.

சிங்கப்பூரில் 2015-இல் தேசிய நடைச் சவால் தொடங்கியது. நடந்த நடைக்குப் புள்ளிகள் கிடைத்தன. புள்ளிகளைப் பற்றுச்சீட்டாக மாற்றிக் கடையில் சாமான் வாங்க முடிந்தது. "நட, நட" என்று மருத்துவர் சொல்லியும் எழாத கால், சிறு பரிசுக்கு எழுவதும் மனித இயல்புதானே!

"பத்தாயிரம் காலடியா? என்னால் ஆகாது" என்று பெரியவர்கள் மலைக்க வேண்டாம். அந்த எண் 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த நடைக்கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. முதிய மாதரிடையே அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வு, நாளொன்றுக்கு 2,700 காலடி நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே மரணம் குறைவு என்று கண்டது. ஏறத்தாழ 7,500-க்கு மேல் அந்தப் பலன் கூடவில்லை.

ஓர் எச்சரிக்கை. ஊசியால் குத்தாமலேயே இரத்தத்தில் சர்க்கரையை அளக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் கடிகாரத்தையும் மோதிரத்தையும் நம்பிவிடாதீர்கள். அப்படித் தானாகவே அளக்கும் எதற்கும் தாங்கள் அனுமதி அளிக்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. தவறான அளவை நம்பி இன்சுலினைக் கூட்டினால் உயிருக்கே ஆபத்து.

பிள்ளைகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் கைப்பேசியில் நடைக்கணக்கை இன்றே அமைத்துக் கொடுங்கள். அவர் எதையும் பதிய வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்தாலே அது எண்ணிக்கொள்ளும். முதல் வாரம் எவ்வளவு நடக்கிறார் என்று மட்டும் பாருங்கள். அடுத்த வாரம் ஐந்நூறு காலடி கூட்டட்டும். காலில் புண் உள்ளவர்கள், நெஞ்சு வலி உள்ளவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மருந்தை மட்டும் யாரும் தாமாகக் குறைக்கலாகாது.

மாலையில் வீடு திரும்பியதும், "இன்றைக்கு எவ்வளவுப்பா?" என்று கேளுங்கள். குறைவாக இருந்தால் கோபிக்காதீர்கள். செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்கப்பா, கடைத்தெரு வரைக்கும் போய் வரலாம்" என்று கூப்பிடுங்கள். கைப்பேசி எண்ணிக்கை சொல்லும்; கூட நடந்து வராது. அதற்குப் பிள்ளைதான் வேண்டும்.