செய்மதியின் குரலும் கருனியின் செவியும்

வட்டுக்கோட்டைக்கு வானியற் கணிதம் புதிய விடயமன்று. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் இங்கு நிறுவிய செமினரியில் வானசாஸ்திரமும் ஒரு பாடமாகப் போதிக்கப்பட்டது. 1829ஆம் ஆண்டு மார்ச் மாதச் சந்திர கிரகணம் பற்றி அயலூரான அராலியின் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியார் கணித்ததும், செமினரியின் அதிபர் டானியல் பூவர் கணித்ததும் வேறுபட்டமையால் எழுந்த விவாதம் எமது வரலாற்றில் இடம்பெற்றுள்ளது. வானத்தைக் கணிப்பவர் யார், அக்கணிப்பைச் சரிபார்க்க வல்லவர் யார் என்பதே அன்றைய வினா. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளின் பின்னர் அதே வினா எமது கைத்தொலைபேசிகளுக்குள் மீண்டும் எழுந்துள்ளது.

இன்று எமது இருப்பிடத்தைச் சொல்பவை செய்மதிகள். அமெரிக்காவின் ஜீ.பி.எஸ். செய்மதிகள் சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் வலம் வந்தபடி, தம்மிடமுள்ள அணுக் கடிகாரங்களின் நேரத்தை இடைவிடாது ஒலிபரப்புகின்றன. ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியனவும் இதே பணியையே செய்கின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் சமிக்ஞைகள் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டு எமது கையிலுள்ள வாங்கி தன் இருப்பிடத்தைக் கணிக்கின்றது. ஒளியும் வானொலி அலையும் ஒரு மைக்ரோ வினாடியில் 300 மீற்றர் செல்வதால், கணக்கில் அத்துணை சிறிய நேரப் பிழை நேர்ந்தாலும் இருப்பிடம் வெகுவாகத் தவறிவிடும். இரவில் பாக்கு நீரிணையில் தொழில் செய்யும் கடற்றொழிலாளிக்கு, 1974ஆம், 1976ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் வகுத்த கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோட்டின் எந்தப் பக்கத்தில் தாம் நிற்கின்றோம் என்பதை அந்த வாங்கியே சொல்கின்றது.

வாங்கி கணித்துத் தரும் தகவல் நேரடியாக எமது கண்ணுக்கு வருவதில்லை. இடையில் இயங்குதளம் உள்ளது. அதன் மையத்தில் கருனி எனப்படும் கேர்னல் உள்ளது. வன்பொருள்களுக்கும் மென்பொருள்களுக்கும் இடையே நின்று, எதற்கு எப்போது மின்சாரம் வழங்குவது, எதன் தகவலை எதனிடம் ஒப்படைப்பது என்பவற்றைத் தீர்மானிப்பது கருனியே. அன்ட்ரொயிட் கைத்தொலைபேசிகள், இணைய வழங்கிகள், சிறு கணினிப் பலகைகள் எனப் பலவற்றில் இயங்குவது லினக்ஸ் கருனியாகும்.

விந்தை யாதெனில், இந்த லினக்ஸ் கருனிக்கு நீண்ட காலமாகச் செய்மதி வாங்கி என்றால் என்னவென்றே தெரியாதிருந்தது. விசைப்பலகை, கமெரா, ஒலிக்கருவி ஆகியவற்றை இனங்கண்டு தனித்தனி வகுப்பில் வைத்திருந்த கருனி, செய்மதி வாங்கியை எழுத்துகள் வந்து விழும் ஒரு தொடர் துறையாக மாத்திரமே கண்டது. வாங்கி அனுப்பும் வரிகளைப் படித்துப் பொருள் காணும் வேலையை, 1990களின் நடுப்பகுதியில் தோன்றிய ஜீ.பி.எஸ்.டி. போன்ற வெளி மென்பொருள்கள் மேற்கொண்டன.

மேசைக் கணினிக்கு இந்த ஏற்பாடு போதுமானது. பற்றரியில் இயங்கும் சாதனங்களுக்கோ அது போதவில்லை. வாங்கியை எப்போது விழிக்கச் செய்வது, எப்போது உறங்கச் செய்வது என்று கருனிக்குத் தெரியாவிடில் மின்சாரம் வீணாகும். சர்ஃப்ஸ்டார் வகைச் சில்லுகளை இதற்கு உதாரணமாகக் கூறலாம். அவற்றை இயக்குவதும் நிறுத்துவதும் ஒரே மின்துடிப்பாகும். சில்லு தற்போது விழித்திருக்கின்றதா என்று அறியாமல் துடிப்பை அனுப்பினால், இயக்க எண்ணியது நிறுத்துவதாக முடிந்துவிடும்.

2018ஆம் ஆண்டில் வெளியான லினக்ஸ் 4.19ஆம் பதிப்பில் இக்குறை நீங்கியது. யொஹான் ஹோவோல்ட் என்ற நிரலாளர் எழுதிய புதிய துணைமுறைமை மூலம் செய்மதி வாங்கிகளுக்கெனக் கருனியில் ஒரு தனி வகுப்பு உருவாயிற்று. வாங்கி எந்த வழியால் இணைக்கப்பட்டிருந்தாலும், ஜீ.என்.எஸ்.எஸ். 0 என்றவாறான பெயருடன் அது முறைமையில் தோன்றும். மென்பொருள் ஒன்று அதனைத் திறந்தால் கருனி மின்சாரம் வழங்கும், மூடினால் நிறுத்தும். யூபுளொக்ஸ், சர்ஃப்ஸ்டார் வகைகளுக்கான இயக்கிகள் முதலிலும், மீடியாடெக் வகைக்கானது பின்னரும் சேர்க்கப்பட்டன. இத்துணைமுறைமை வாங்கி அனுப்பும் செய்தியின் பொருளை ஆராய்வதில்லை. கடிதத்தைப் பிரித்துப் படிக்காது கொண்டு சேர்க்கும் தபாற்காரரைப் போன்று, வந்ததை வந்தவாறே வெளி மென்பொருளிடம் ஒப்படைக்கின்றது. செய்திகளின் வடிவம் சில்லுக்குச் சில்லு வேறுபடுவதால் இது விவேகமான முடிவேயாகும்.

வெளியே விடப்பட்ட அந்தக் கணிப்பில் தவறு நேர்ந்தால் என்னவாகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜீ.பி.எஸ். முறைமையின் பழைய சமிக்ஞை வாரங்களை 1023 வரை எண்ணி மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றது. 1999 ஓகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நிகழ்ந்தது. இதனைச் சமாளிக்க ஜீ.பி.எஸ்.டி. மென்பொருளின் சில பதிப்புகளில் எழுதப்பட்டிருந்த சரிபார்ப்பு வரி ஒன்று பிழையானது. அதனால் 2021 ஒக்டோபர் 24ஆம் திகதி நேரம் 1024 வாரங்கள் பின்சென்று, 2002ஆம் ஆண்டு மார்ச் மாதத்தைக் காட்டும் நிலை இருந்தது. நிரல் எவரும் படிக்கக்கூடியவாறு திறந்திருந்தமையால் அப்பிழை சில மாதங்களுக்கு முன்னரே கண்டுபிடிக்கப்பட்டுத் திருத்தவும் பட்டது.

ஆனால் முழுச் சங்கிலியும் இவ்வாறு திறந்ததாக இல்லை. பெரும்பாலான கைத்தொலைபேசிகளில் வாங்கியானது பிரதான சில்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது. அதனுடன் பேசுவது தயாரிப்பாளரின் மூடிய மென்பொருளாகும். இந்தியாவின் நாவிக் முறைமை இந்தியாவையும் அதன் எல்லையிலிருந்து சுமார் 1,500 கிலோமீற்றர் வரையான பிரதேசத்தையும் கருத்திற்கொண்டு அமைக்கப்பட்டது. யாழ்ப்பாணம் அதனுள் அடங்கும். எனினும் எமது கையிலுள்ள கருவி அச்சமிக்ஞையைக் கேட்குமா என்பதைத் தீர்மானிப்பது சில்லைத் தயாரித்தவரே. 2025 ஜனவரியில் ஏவப்பட்ட அதன் என்.வி.எஸ்.-02 செய்மதி உரிய சுற்றுப்பாதையை அடையாமற் போனமை, செய்மதிகளும் பொய்க்கக் கூடியவை என்பதை நினைவூட்டுகின்றது. ஒரே முறைமையை மாத்திரம் நம்பியிருத்தல் உசிதமன்று.

இந்நிலையில் எம்மாற் செய்யக்கூடியது யாது? லினக்ஸ் கருனியின் நிரல் எவரும் இலவசமாகப் பெறக்கூடியது. செய்மதி வாங்கிகளுக்கான பகுதியோ ஓர் ஆர்வமுள்ள மாணவர் சில நாட்களில் வாசித்து முடிக்கத்தக்க அளவினது. 2016ஆம் ஆண்டின் அன்ட்ரொயிட் 7ஆம் பதிப்பு முதல், வாங்கியின் மூல அளவீடுகளைச் சாதாரண மென்பொருள்களும் பெறுவதற்கு வழியுண்டு. அதற்கு ஆதரவளிக்கும் கைத்தொலைபேசி ஒன்றும் கணினி ஒன்றும் இருந்தால் ஒரு பாடசாலை வகுப்பறையிலேயே இருப்பிடத்தைத் தாமாகக் கணித்துப் பார்க்கலாம். கணிதம், பௌதிகவியல், தகவல் தொழில்நுட்பம் ஆகிய மூன்று பாடங்களும் ஒருங்கே சந்திக்கும் இடம் இதுவாகும்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அங்கே தோன்றியது. அன்று இங்கு கற்றவர்கள் கிரகணத்தைத் தாமே கணித்துப் பார்க்கப் பயின்றார்கள். இன்றைய பிள்ளைகளோ திரையில் தோன்றும் நீலப் புள்ளியை வினாவின்றி நம்பப் பழகிவிட்டார்கள். அப்புள்ளி எங்கிருந்து வருகின்றது, எவர் கைகளைக் கடந்து வருகின்றது என்பதைத் தமிழிலே விளக்கும் பாடநூல்களையும் செய்முறைகளையும் ஆக்கித்தருவது எமது ஆசிரியர்களினதும் பல்கலைக்கழகத்தினதும் கடமையாகும். கடலில் எல்லைக்கோட்டின் அருகே தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு இந்த அறிவு மிகவும் அவசியமானதாகும்.