திரும்பி வந்தார்கள், வந்த இடம் ஊராக இல்லை!
பர்மா பஜார் பிறந்த கதை

மாலை 6 மணி. பீச் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்க ஜனங்கள் ஓடுகிறார்கள். "வா சார், இன்னா சார் வேணும்?" என்று ராஜாஜி சாலை ஓரத்துக் கடைகளில் இருந்து குரல். செல்போன் உறை, சார்ஜர், கடிகாரம், சென்ட் பாட்டில். பேரம் பேசாமல் வாங்குகிறவர் ஏமாளி!

இதுதான் பர்மா பஜார். தினமும் பார்க்கிற இடம்தான். ஆனால் பர்மா எங்கே, இந்தப் பிளாட்பாரம் எங்கே?

மனிதன் ஏன் ஊரை விட்டுக் கிளம்புகிறான், போன இடத்தில் எப்படிக் காலூன்றுகிறான் என்பதை இந்த ஒரு கடைவீதியே சொல்லிவிடும்.

தள்ளியது பசி; இழுத்தது நெல்

1852-ல் கீழ் பர்மாவை வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி ஆற்றுப் படுகை அரிசி கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. காட்டை வெட்டி வயலாக்க ஆள் வேண்டும். மூட்டை தூக்க ஆள் வேண்டும். கூலியும் இங்கே கிடைத்ததைவிட அதிகம்.

இந்தப் பக்கம் சென்னை மாகாணத்தில் மழை பொய்த்தால் பட்டினி. 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள்.

ஊரில் இருந்து தள்ளுகிற காரணம் ஒன்று. வெளியே இருந்து இழுக்கிற காரணம் ஒன்று. இரண்டும் சேர்ந்தால்தான் மனிதன் மூட்டை கட்டுவான்.

முன்பணம் கொடுத்துக் கப்பல் ஏற்றியவர் மேஸ்திரி. அந்தக் கடனைக் கூலியில் பிடித்துக்கொண்டார். அண்ணன் போனான்; பின்னால் தம்பி போனான்; அப்புறம் மச்சான் போனான். சங்கிலி மாதிரி ஊரே போனது. தெலுங்கர், தமிழர், வங்காளி எல்லோரும் போனார்கள்.

பலர் நாலு வருஷம் உழைத்துவிட்டுத் திரும்பினார்கள். சிலர் அங்கேயே கல்யாணம் செய்து தங்கினார்கள். 1931 கணக்குப்படி ரங்கூனில் இருந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். அதில் பாதிக்கு மேல் இந்தியர்கள்!

நகர்ந்தது ஆள் அல்ல, எல்லை!

1937 ஏப்ரல் 1-ந்தேதி. அதுவரை பர்மா இந்தியாவில் ஒரு மாகாணம். அன்றைக்கு அதைத் தனியாகப் பிரித்தார்கள். அங்கே இருந்த தமிழன் ஓர் அடி கூட நகரவில்லை. ஆனால் ஒரே நாளில் வெளிநாட்டுக்காரன் ஆனான்.

அதற்கு முன்பே வெறுப்பு வளர்ந்திருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. செட்டியார்களிடம் வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் பர்மிய விவசாயிகள் நிலத்தை இழந்தார்கள். கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் ஜில்லாக்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930-ல் 100-க்கு 6 பங்கு. 1937-ல் 100-க்கு 25 பங்கு! கோபம் செட்டியாரோடு நிற்குமா? மூட்டை தூக்கியவன் மீதும் பாய்ந்தது. 1930-லும் 1938-லும் கலவரம் வெடித்தது.

1941 டிசம்பர் 23-ந்தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. லட்சக்கணக்கான இந்தியர்கள் தப்பி ஓடினார்கள். பெரும்பாலோர் காட்டு வழியில் நடந்தே வந்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பல்லாயிரம் பேர் வழியிலேயே மடிந்தனர்.

போர் முடிந்ததும் பலர் என்ன செய்தார்கள்? மறுபடியும் பர்மாவுக்கே போனார்கள்! கடையும் வீடும் அங்கேதானே இருந்தது.

கடை போச்சு, பணமும் போச்சு

1962 மார்ச் 2-ந்தேதி ராணுவத் தளபதி நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. சம்பாதித்ததைக் கொண்டுவரவும் கட்டுப்பாடு. பெட்டி படுக்கையோடு குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறினார்கள்.

சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்களுக்கு அரசாங்கக் காகிதம் கொடுத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'.

ஆனால் அவர்களில் பலர் பிறந்ததே பர்மாவில்! தாத்தாவின் ஊர்ப் பெயர் மட்டும் தெரியும். அங்கே நிலமும் கிடையாது, வீடும் கிடையாது. அது திரும்புதல் அல்ல. இன்னொரு முறை குடிபெயர்தல்.

முகாம்களில் தங்கவைத்தார்கள். வியாசர்பாடியில் குடியேற்றினார்கள். காரைக்குடி போன்ற ஊர்களிலும் 'பர்மா காலனி' முளைத்தது. பர்மாவில் இருந்தும் இலங்கையில் இருந்தும் வந்தவர்களுக்குக் கடன் கொடுக்க 1969-ல் ரெப்கோ வங்கி தொடங்கியது. அதே 1969-ல் கடற்கரைச் சாலை ஓரத்தில் பர்மா பஜாரும் உருவானது. வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம். 'பாரின்' ரேடியோ, 'பாரின்' சேலை என்றால் கூட்டம் அலைமோதியது.

மோரேயில் நின்ற கால்கள்

இங்கே ஒட்டாமல் போனவர்களும் உண்டு. "பர்மாவுக்கே போயிடலாம்" என்று மணிப்பூர் வரை போனார்கள். எல்லையைத் தாண்ட முடியவில்லை. எல்லையோரம் மோரே என்ற ஊரிலேயே தங்கிவிட்டார்கள். 1942-ல் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து வந்த அதே பாதை! அங்கே தமிழ்ச் சங்கம் அமைத்தார்கள். அங்காள பரமேஸ்வரி கோயில் கட்டினார்கள். பிறந்த நாட்டுக்கும் தாத்தா நாட்டுக்கும் நடுவில், வாசற்படியிலேயே வீடு!

ராஜாஜி சாலையில் இன்று கடை வைத்திருக்கும் எல்லோரும் பர்மாக் குடும்பம் அல்ல. பெயர் மட்டும் மாறவில்லை. பக்கத்துத் தெருவில் தள்ளுவண்டிகளில் அத்தோவும் மொய்ங்காவும் சுடச்சுட விற்கின்றன. பர்மாவைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகள் அதை நம்ம ஊர்ச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள்.

குடியேறுவது என்றால் இதுதான். காகிதம் ஒரு நாளில் கிடைத்துவிடும். காலூன்ற ஒரு தலைமுறை ஆகும்.

இன்று மாலை அந்தப் பக்கம் போனால் பேரம் பேசுங்கள், தப்பில்லை. கடைக்கு மேலே உள்ள பெயரையும் ஒரு தடவை படித்துவிட்டு ரயிலைப் பிடியுங்கள்!