விக்கெட்டை மிச்சம் பிடித்தார்கள். கோப்பையைக் கோட்டை விட்டார்கள்!

திருவல்லிக்கேணி 'வாட்ச் பாய்' நோட்டில் இந்திய அணியின் ஐந்தொகை

சென்னை.

"விக்கெட் போகக்கூடாது, விக்கெட் போகக்கூடாதுன்னு பயந்து பயந்தே நம்ம ஆளுங்க கோப்பையை விட்டாங்க தம்பி" என்கிறார், திருவல்லிக்கேணியில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஒரு பெரியவர். இது வெறும் வாய்ப் பேச்சு அல்ல. கையில் கணக்கு வைத்திருக்கிறார்!

அதன் விவரம் வருமாறு:-

சேப்பாக்கம் மைதானத்தில் ரசிகர்கள் கத்தினால் அவர் கடையில் கேட்கும். கடை என்றால் பெரிய கடை அல்ல. ஒரு மேஜை, ஒரு கண்ணாடிப் பெட்டி, இரண்டு ஸ்டூல். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் அவர் "வாட்ச் பாய்". செல்போன் வந்த பிறகு வாட்ச் ரிப்பேர் குறைந்துவிட்டது. கிரிக்கெட் பேச்சு மட்டும் குறையவில்லை. மாலையானால் பழக்கடைக்காரர், ஆட்டோ டிரைவர், எழிலகத்தில் வேலை பார்க்கும் ஒரு குமாஸ்தா என்று நாலு பேர் கூடிவிடுகிறார்கள்.

சுவரில் ஒரு அட்டை தொங்குகிறது. "இங்கே பந்தயம் பேசக்கூடாது" என்று எழுதியிருக்கிறது. 2023 இறுதிப் போட்டி அன்று தெருப் பையன் ஒருவன் பைக்கை அடகு வைத்துப் பந்தயம் கட்டினானாம். பைக் திரும்பவில்லை. அன்றிலிருந்து அட்டை தொங்குகிறது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் செய்திக்காக நிற்கிற எனக்கு இது புதுக் கதை இல்லை.

மேஜை டிராயரில் ஒரு நீள நோட்டு. மளிகைக் கடைப் பேரேடு மாதிரி கோடு போட்டிருக்கிறார். தேதி, எதிர் அணி, ரன், விக்கெட் எல்லாம் நீல மை. கடைசிக் கட்டம் மட்டும் சிவப்பு மை. அதற்குத் தலைப்பு "மிச்சம்". அதாவது, இந்தியா ஆடி முடித்தபோது கையில் பாக்கி இருந்த விக்கெட்!

174 பந்து, 36 ரன்!

முதல் வரி 1975. அதை எழுதும்போது பாய்க்கு வயது பத்து. அத்தா பேப்பர் படித்துச் சொல்லச் சொல்ல எழுதினாராம்.

லண்டன் லார்ட்ஸ் மைதானம். முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். அப்போது 60 ஓவர் ஆட்டம். இங்கிலாந்து 334 ரன் குவித்தது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய கவாஸ்கர் கடைசி வரை நின்றார். 174 பந்து ஆடினார். எடுத்தது 36 ரன்! இந்தியா 3 விக்கெட்டுக்கு 132. தோல்வி 202 ரன் வித்தியாசத்தில்.

"மிச்சம் எத்தனை? ஏழு!" என்று விரலால் தட்டிக் காட்டினார் பாய். "ஏழு விக்கெட்டையும் ஊருக்கு எடுத்துக்கிட்டு வந்து என்ன பண்ணாங்க? ஊறுகாய் போட்டாங்களா?"

1979-லும் கதை மாறவில்லை. ஆடிய மூன்றும் தோல்வி. அப்போது டெஸ்ட் அந்தஸ்துகூட இல்லாத இலங்கையிடமும் தோற்றார்கள்.

நோட்டில் 1983-ம் ஆண்டுப் பக்கத்தில் மட்டும் அத்தர் வாசனை அடிக்கிறது. வேண்டுமென்றே தடவி வைத்திருக்கிறார்! ஜூன் 25. இறுதிப் போட்டி. இந்தியா 183-க்கு ஆல் அவுட். மிச்சம் பூஜ்யம். வெஸ்ட் இண்டீஸ் 140-ல் சுருண்டது. இரண்டு அணியிலும் சேர்த்து அதிக ரன் எடுத்தவர் நம்ம ஊர் ஸ்ரீகாந்த். 38 ரன்.

"முப்பத்தெட்டுதான் தம்பி. ஆனா எப்படி அடிச்சாரு! அந்த ராபர்ட்ஸ், கார்னர் எல்லாம் வந்து மூஞ்சிக்கு நேரா போடுறான். இவரு பாட்டுக்கு வீசுறாரு. பயம் இல்லாத ஆளு."

அந்த 2 ரன்!

1987-ஐப் பற்றிக் கேட்டேன். பாய் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

அக்டோபர் 9. சேப்பாக்கம். ஆஸ்திரேலியாவுடன் உலகக் கோப்பை ஆட்டம். 22 வயதில் கேலரியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ் தூக்கி அடித்த ஒரு பந்தில் தகராறு. கோட்டைத் தாண்டி விழுந்ததா, தரையில் பட்டுப் போனதா? முதலில் 4 ரன் கொடுத்தார்கள். இடைவேளையில் பேசி அதை 6 ஆக மாற்றினார்கள். கேப்டன் கபில்தேவ் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். 268 என்று இருந்த ஸ்கோர் 270 ஆனது.

இந்தியாவுக்கு நல்ல தொடக்கம். ஸ்ரீகாந்த் 70. சித்து 73. ஜெயித்துவிடுவோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். பிறகு விக்கெட் மளமளவென்று சரிந்தது. கடைசி ஓவர். கடைசி ஆட்டக்காரர் மனிந்தர்சிங். ஸ்டீவ் வாஹ் பந்து வீசினார். ஒரு பந்து பாக்கி இருக்கும்போது ஸ்டம்பு பறந்தது. இந்தியா 269.

ஒரே ரன்னில் தோல்வி!

"கூட்டம் எழுந்திரிக்கலே தம்பி. அப்படியே உக்காந்திருந்துச்சு. நான் பீச்சுக்கு நடந்து போய்ட்டேன். ராத்திரி வீட்ல அம்மா சோறு வச்சாங்க, சாப்பிடலே. இப்பவும் யாராச்சும் கடைக்கு வந்து 'ரெண்டு ரூபா குறைச்சுக்குங்க பாய்'ன்னு சொன்னா எனக்கு அந்த ரெண்டு ரன் ஞாபகம்தான் வருது."

அந்தப் பக்கத்தில் மிச்சம் பூஜ்யம்தான். ஆனாலும் தோல்வி. உங்கள் கணக்கு உதைக்கிறதே என்றேன். "அது என் கணக்குல தப்பு இல்லே. என் தலையெழுத்துல தப்பு" என்றார்.

12 பந்துக்கு ஒரு விக்கெட்

20 ஓவர் ஆட்டம் வந்தபோது இந்தியாவில் யாரும் அதை மதிக்கவில்லை. 2007 உலகக் கோப்பைக்குப் போகும் முன் இந்தியா ஆடியிருந்த சர்வதேச 20 ஓவர் ஆட்டம் ஒன்றே ஒன்று! தெண்டுல்கர், டிராவிட், கங்குலி போகவில்லை. தோனி தலைமையில் இளவட்டங்கள் போனார்கள். யுவராஜ்சிங் ஒரே ஓவரில் 6 சிக்சர் அடித்தார். இறுதிப் போட்டியில் பாகிஸ்தானை 5 ரன்னில் வென்று கோப்பையோடு வந்தார்கள்.

பாய் ஒரு கணக்குச் சொல்கிறார். "20 ஓவர்னா 120 பந்து. விக்கெட் பத்து. 12 பந்துக்கு ஒரு விக்கெட் போனாலும் நஷ்டம் இல்லே. 50 ஓவர்ல 30 பந்துக்கு ஒண்ணு. இது கடைக்காரன் கணக்கு. சரக்கைக் கடையிலயே பூட்டி வச்சா யாவாரம் ஆவுமா?"

அந்த வியாபாரம் ஆகாத வருடங்களின் சிவப்பு மை இதோ:-

2014, டாக்கா. இலங்கையுடன் இறுதிப் போட்டி. இந்தியா 4 விக்கெட்டுக்கு 130. கோலி 77. ஆனால் கடைசி 4 ஓவரில் வந்தது 19 ரன்தான். யுவராஜ்சிங் 21 பந்தில் 11. மிச்சம் ஆறு. (2007-ல் தலையில் தூக்கி வைத்து ஆடிய அதே யுவராஜ்சிங்கை அன்று ஊரே வைதது. நமது ரசிகர்கள் லட்சணம் இது!)

2016, மும்பை அரை இறுதி. இந்தியா 2 விக்கெட்டுக்கு 192. மிச்சம் எட்டு. வெஸ்ட் இண்டீஸ் 2 பந்து பாக்கி வைத்து ஜெயித்தது.

இந்த இடத்தில் எழிலகம் குமாஸ்தா குறுக்கிட்டார். "பாய், நியாயமா பேசுங்க. 192 சின்ன ஸ்கோரா? சிம்மன்ஸ் ரெண்டு தடவை கேட்ச் ஆகி ரெண்டுமே நோ-பால் ஆச்சு. பவுலிங்ல தோத்தோம்."

"எட்டு விக்கெட் இருக்கையில 210 அடிச்சிருந்தா நோ-பால் என்ன சார் பண்ணும்?" என்றார் பாய்.

2022, அடிலெய்டு அரை இறுதி. முதல் 6 ஓவரில் இந்தியா எடுத்தது 38 ரன். மொத்தம் 168. இங்கிலாந்தின் பட்லரும் ஹேல்சும் விக்கெட்டே கொடுக்காமல் 16 ஓவரில் 170 அடித்துவிட்டார்கள். அன்று பாய் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டாராம்.

அந்த அடிக்குப் பிறகுதான் அணிக்குப் புத்தி வந்தது என்பது அவர் கட்சி. கேப்டன் ரோகித் சர்மா தானே முன்னால் நின்று அடிக்கத் தொடங்கினார். 2023-ல் தொடர்ந்து 10 ஆட்டம் வெற்றி. நவம்பர் 19, ஆமதாபாத் இறுதிப் போட்டியிலும் 31 பந்தில் 47 அடித்தார். முதல் 10 ஓவரில் இந்தியா 80 ரன்.

அப்புறம்? மீதி 40 ஓவரில் மொத்தமே 4 பவுண்டரி! 240-க்கு ஆல் அவுட். ஆஸ்திரேலியாவின் டிராவிஸ் ஹெட் 137 அடித்துக் கோப்பையைக் கொண்டுபோய்விட்டார்.

"கேப்டன் பயத்தை விட்டாரு. மத்தவங்க விடலே" என்கிறார் பாய்.

பும்ரா இல்லையென்றால்?

குமாஸ்தா விடவில்லை. அவரும் பழைய ரசிகர்தான். அவர் கட்சி வேறு. "1983-ல 183-ஐக் காப்பாத்துனது யாரு? பவுலருங்க. 2013 சாம்பியன்ஸ் கோப்பையில 129 ரன்னை வச்சுக்கிட்டு இங்கிலாந்தை 5 ரன்ல மடக்குனது யாரு? பவுலருங்க. 2024-ஐ எடுத்துக்குங்க."

2024 ஜூன் 29. பார்படாஸ். தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன்தான் தேவை. கையில் 6 விக்கெட். கிளாசன் வெளுத்துக்கொண்டிருக்கிறார். முடிந்தது என்று பலர் டெலிவிஷனை அணைத்துவிட்டார்கள். பும்ரா வந்தார். 4 ரன் கொடுத்தார். பாண்டியா கிளாசனை எடுத்தார். பும்ரா மறுபடி வந்தார். 2 ரன் கொடுத்து ஒரு விக்கெட். அர்ஷ்தீப் ஓவரில் 4 ரன். கடைசி ஓவர் முதல் பந்தில் மில்லர் தூக்கி அடித்ததை எல்லைக்கோட்டில் சூர்யகுமார் உள்ளே, வெளியே, உள்ளே என்று குதித்துப் பிடித்தார். 7 ரன்னில் வெற்றி!

இதை பாய் மறுக்கவில்லை. "பும்ரா மட்டும் இல்லேன்னா அன்னிக்கும் பீச்சுதான்" என்று ஒப்புக்கொண்டார். ஆனால், 34 ரன்னுக்கு 3 விக்கெட் போன பிறகு அக்சர் படேலை முன்னால் இறக்கி அடிக்கச் சொன்னார்களே, அவர் எடுத்த 47 இல்லையென்றால் பும்ரா எதைக் காப்பாற்றியிருப்பார் என்று கேட்டார். அதற்குக் குமாஸ்தாவிடம் பதில் இல்லை.

எனக்குத் தோன்றுவது: இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் பாய் சொல்வதை அணி கற்றுக்கொள்ள முடியும். பும்ராவின் முதுகை யாரும் கற்றுக்கொடுத்துச் சரிசெய்ய முடியாது. முதுகுக் காயத்தால் 2022 உலகக் கோப்பையில் அவர் இல்லை. 2025 சாம்பியன்ஸ் கோப்பையிலும் இல்லை. அந்தக் கோப்பையை ஜெயித்தோம் என்பது உண்மை. அங்கே துபாய் மைதானம் சுழலுக்குக் கைகொடுத்தது. தமிழ்நாடு ஆட்டக்காரர் வருண் சக்கரவர்த்தி 9 விக்கெட் எடுத்தார்.

2027 எப்படி?

50 ஓவர் உலகக் கோப்பையை இந்தியா கடைசியாக ஜெயித்தது 2011-ல். அடுத்தது 2027 அக்டோபர், நவம்பரில். தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியாவில் நடக்கிறது. தென்னாப்பிரிக்க ஆடுகளத்தில் பந்து எகிறும். துபாய் மாதிரி சுழலை நம்பி இறங்க முடியாது. 2003-ல் அங்கேதான் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டியில் 359 ரன் அடித்து நம்மை நசுக்கியது. 2007-ல் இளவட்டங்கள் கோப்பை வாங்கியதும் அங்கேதான்.

பாய்க்கு இரண்டு கவலை. ஒன்று வயது. 2027 போட்டியின்போது ரோகித்துக்கு 40. கோலிக்கு 39 பிறக்கும். "அவங்க இருந்தா பழைய கை, சந்தோஷம். ஆனா யார் இறங்கினாலும் ஸ்கோர் போர்டைப் பார்த்து ஆடணும். சொந்தக் கணக்கைப் பார்த்து ஆடக்கூடாது."

இன்னொன்று பழக்கம். 2024-ம் ஆண்டு முழுவதும் இந்தியா ஆடிய 50 ஓவர் ஆட்டம் வெறும் மூன்று! இலங்கையில் ஆடி இரண்டில் தோல்வி, ஒன்று சமன். "20 ஓவர் ஆடி ஆடிக் கை வேகமாயிடுச்சு. நல்லது. ஆனா நடுவுல இருக்கிற அந்த 30 ஓவரை யார் கத்துக் குடுப்பாங்க? ஆமதாபாத்துல அங்கதானே மாட்டுனோம்?"

நோட்டில் 2027-க்குப் பக்கம் தயார். கோடு போட்டாகிவிட்டது. சிவப்பு மைக் கட்டமும் இருக்கிறது.

குமாஸ்தா பஸ்ஸுக்கு எழுந்தார். "பார்த்துடுவோம் பாய். பவுலிங்லதான் ஜெயிப்போம். பிரியாணி பந்தயம்!" என்றார்.

பாய் சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார்.

"சரி, டீ?"

"டீன்னா பரவாயில்லே" என்றார் பாய்.