நகரத்தார் விலைகொடுத்து மீட்ட மணிக்கூடு

ஒஸ்திரியா நாட்டின் கிராஸ் நகரிலே, ஷ்லோஸ்பேர்க் என்னும் குன்றின்மீது 260 படிகள் வளைந்து வளைந்து ஏறுகின்றன. ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும். இயலாதோர்க்கு 1894ஆம் ஆண்டில் அமைத்த மலைரயில் உண்டு.

உச்சியிலுள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தை நோக்குவோர் முதலில் தம் கைக்கடிகாரத்தையே ஐயுறுவர். நெடிய முள் மணியையும் குறிய முள் நிமிடத்தையும் காட்டுகின்றன! 1712இல் இம்மணிக்கூட்டை அமைத்தபோது மணிமுள் ஒன்றே இருந்தது. தொலைவிலுள்ளோர்க்கும் தெரியவேண்டுமென்று அதனை நீளமாக்கினர். பின்னர் வந்த நிமிடமுள்ளுக்கு எஞ்சிய இடமே வாய்த்தது.

கோட்டை எங்கே என வினவுவீர்கள். அதன் சில எச்சங்களே உள்ளன. 1809இல் நெப்போலியனின் படை இதனை முற்றுகையிட்டது. மேஜர் ஹாக்கர் ஏறக்குறைய 900 வீரருடன் காத்துநின்றார், கோட்டை வீழவில்லை. ஆயினும் போரில் இழக்காததை உடன்படிக்கையில் இழக்க நேர்ந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஷோன்புறூன் உடன்படிக்கை ஏற்பட்டபின், கோட்டையைத் தகர்க்கும் பணி தொடங்கிற்று.

அப்பொழுது நகரமக்கள் பணந்திரட்டிப் பகைவரிடம் கொடுத்து இரண்டு கோபுரங்களை மீட்டனர். ஒன்று இம்மணிக்கூடு, மற்றது ‘லீசல்’ என்னும் பெருமணி தொங்குவது. பீரங்கி மேடையொன்றையும் அவர்கள் கேட்டாரில்லை.

மதில்கள் நின்ற இடத்தில் இன்று மரநிழலும் பூங்காவும் உள்ளன. லீசலோ நாள்தோறும் காலை ஏழு மணிக்கும், நண்பகலிலும், மாலை ஏழு மணிக்கும் 101 முறை ஒலிக்கின்றது.