இத்தாலிய மொழி கற்றலில் மேல் இடைநிலை: விதிகளும் தெரிவுகளும்

ஐரோப்பிய அவை 2001-இல் வெளியிட்ட பொதுச் சட்டகம் மொழித்திறனை ஆறு படிகளாக வகுக்கிறது. அவற்றுள் நான்காவதாகிய பி-2 என்னும் படியே மேல் இடைநிலை எனப்படுகிறது. இத்தாலியில் இத்தாலிய மொழிவழிப் பட்டப்படிப்பில் சேர விரும்பும் அயல்நாட்டு மாணவரிடம் பொதுவாக எதிர்பார்க்கப்படும் தகுதியும் இதுவே. சியெனா அயல்நாட்டார் பல்கலைக்கழகத்தின் சில்ஸ் இரண்டு, பெரூஜா அயல்நாட்டார் பல்கலைக்கழகத்தின் செலி மூன்று ஆகிய சான்றிதழ்கள் இப்படியைக் குறிப்பன. இப்படியை எட்டியவர் தம் துறை சார்ந்த விவாதங்கள் உட்படச் சிக்கலான பனுவல்களின் முதன்மைக் கருத்துகளை விளங்கிக்கொள்வார். அம்மொழியினருடன் இரு தரப்பினர்க்கும் இடர்ப்பாடின்றி உரையாடுவார். பல பொருள் குறித்துத் தெளிவாக எழுதுவார் என்பது சட்டகத்தின் வரையறை.

இவ்வரையறை திறன்களைக் கூறுகிறதேயன்றி இலக்கண வடிவங்களைக் கூறவில்லை. வகுப்பறையிலோ மாணவர் வடிவங்களின் வாயிலாகவே மொழியை அணுகுகின்றனர். இப்படிக்கு வந்து சேரும்போது வினைத்திரிபு அட்டவணைகள் பெரும்பாலும் மனப்பாடமாகியிருக்கும். புதியனவாகக் கற்கவேண்டிய வடிவங்கள் மிகச் சிலவே எஞ்சியிருக்கும். எனினும் மாணவர் தேங்கி நிற்பது இங்கேதான். தொடக்கநிலையில் பயன்பட்ட எளிய விதிகள் இந்நிலையில் தடையாக மாறுவது இதற்குரிய முதன்மைக் காரணம் எனலாம். இத்தகைய விதிகள் சிலவும், அவை மொழிபெயர்ப்பில் விளைவிக்கும் பிழைகளும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன. இத்தாலியச் சொற்களின் ஒலிப்பு தமிழ் எழுத்தில் இயன்ற அளவே தரப்பட்டுள்ளது.

கொஞ்சுந்தீவோவும் ஐயமும்

இத்தாலிய வினைக்குரிய பாங்குகளுள் ஒன்று கொஞ்சுந்தீவோ. பெரும்பாலும் சார்புத் தொடர்களில் வரும் இது, ஐயம், விருப்பம், அச்சம் ஆகியவற்றைக் காட்டும் என்று மாணவர்க்கு முதலில் கற்பிக்கப்படுகிறது. உறுதியானவற்றைக் கூறச் செப்பு வினைப்பாங்கு. உறுதியற்றவற்றைக் கூறக் கொஞ்சுந்தீவோ. இவ்விதி எளியது, தொடக்கநிலையில் பயனுடையதும் ஆகும். மேல் இடைநிலை மாணவர் படிக்கும் கட்டுரைகளிலும் நாவல்களிலும் இது ஒரு பக்கங்கூடத் தாங்குவதில்லை.

‘அவர் புறப்பட்டுவிட்டார் என்பது எனக்குத் தெரியும்’ என்பதனை இத்தாலியர் ‘சோ கே எ பர்த்தீத்தோ’ என்பர். இங்கு வருவது செப்பு வினைப்பாங்கு. இதே கருத்தில் சார்புத் தொடரை முன்னே கொணர்ந்தால் ‘கே சீயா பர்த்தீத்தோ, லோ சோ’ என்று கொஞ்சுந்தீவோ வந்துவிடுகிறது. பேசுவோரின் அறிவில் எள்ளளவும் ஐயம் புகவில்லை. மாறியது சொல்வரிசை மட்டுமே. ‘என்னும் உண்மை’ எனப் பொருள்படும் ‘இல் ஃபாத்தோ கே’ என்னும் தொடரின் பின்னும், ‘போதிலும்’ எனப் பொருள்படும் ‘பென்கே’ என்னும் இணைப்புச்சொல்லின் பின்னும் இப்பாங்கு வருகிறது. சன்னலுக்கு வெளியே மழை கொட்டுவதைப் பார்த்துக்கொண்டே ஒருவர் ‘பென்கே ப்யோவா’ (மழை பெய்தபோதிலும்) என்று கூறுவார். ஐயத்திற்கு இங்கு இடம் ஏது?

பெயரெச்சத் தொடருக்கு நிகரான தொடர்களில் நிலைமை வேறு. ‘சேர்கோ உன் லீப்ரோ கே ஸ்பியேகா’ என்று செப்பு வினைப்பாங்கில் கூறுபவர், ஒரு பொருளை விளக்கும் குறிப்பிட்ட நூல் ஒன்று உள்ளதை அறிந்து அதனைத் தேடுகிறார். ‘கே ஸ்பியேகி’ என்று கொஞ்சுந்தீவோவில் கூறுபவர்க்கு அத்தகைய நூல் உண்டா என்பதே தெரியாது, கிடைத்தால் போதும். இங்குப் பாங்கு வேறுபாடு பொருள் வேறுபாட்டையே தருகிறது. தமிழில் இதனைக் காட்ட வினைப்பாங்கு உதவாது. வேற்றுமை உருபு உதவும். ‘விளக்கும் புத்தகம் ஒன்றைத் தேடுகிறேன்’, ‘விளக்கும் புத்தகம் ஏதேனும் தேடுகிறேன்’ என்னும் இரண்டையும் ஒப்பிட்டால், இரண்டாம் வேற்றுமை உருபின் வருகையும் மறைவும் ஏறத்தாழ அதே பணியைச் செய்வது புலனாகும்.

இனி மூன்றாம் நிலை ஒன்று உண்டு. ‘நினைக்கிறேன்’ என்னும் வினையின் பின் ‘கிரேதோ கே சீயா’ என்பது எழுத்து வழக்கு. ‘கிரேதோ கே எ’ என்பது இயல்பான பேச்சில் பரவலாகக் கேட்கப்படுவது. இரண்டிற்கும் ஐயத்தின் அளவில் வேறுபாடு இல்லை. வேறுபாடு வழக்குநிலையைச் சார்ந்தது. ஆகவே ஒரே பாங்கு ஓரிடத்தில் தொடரமைப்பின் விளைவாகவும், ஓரிடத்தில் பொருளின் விளைவாகவும், மற்றோரிடத்தில் நடையின் விளைவாகவும் வருகிறது. மூன்றையும் ஐயம் என்னும் ஒற்றைக் கூடையில் இட்ட மொழிபெயர்ப்பாளர், ஆசிரியர் ஐயுறாத இடத்தில் ‘போலும்’, ‘ஒருவேளை’ என்பனவற்றைச் சேர்த்துவிடுகிறார். ஓர் ஆய்வுரையை மொழிபெயர்க்கையில் இது சிறு பிழையாகாது. ஆசிரியரின் கருத்துறுதியே குறைந்துவிடும்.

ஒரு வடிவம், மூன்று செய்தி

நிபந்தனைப் பாங்கின் இறந்தகால வடிவம் இதனினும் நுண்ணியது. ‘சரெப்பெ பர்த்தீத்தோ’ என்னும் வடிவத்தை எடுத்துக்கொள்ளலாம். ‘அமைச்சர் புறப்பட்டிருப்பார், ஆனால் மழை பெய்தது’ என்னும் சூழலில் இவ்வடிவம் வரும்போது அமைச்சர் புறப்படவில்லை என்பது தெளிவு. மாணவர் முதலில் கற்பது இப்பொருளையே.

‘இல் மினிஸ்த்ரோ திஸ்ஸே கே சரெப்பெ பர்த்தீத்தோ’ என்னும் வாக்கியத்திலோ அதே வடிவம் இறந்தகாலத்திலிருந்து நோக்கும் எதிர்காலத்தைக் குறிக்கிறது. தாம் புறப்படப்போவதாக அமைச்சர் சொன்னார் என்பதே பொருள். அவர் பின்னர்ப் புறப்பட்டாரா இல்லையா என்பதைப் பற்றி வாக்கியம் வாய் திறக்கவில்லை. பிரெஞ்சு, ஸ்பானிய மொழிகள் இவ்விடத்தில் எளிய நிபந்தனை வடிவத்தைக் கொள்ள, இக்கால இத்தாலியம் கூட்டு வடிவத்தை வேண்டுவது அம்மொழிகளை முன்பே கற்றவரையும் தடுமாறச் செய்கிறது.

மூன்றாவது பயன்பாடு நாளிதழ்களில் நாள்தோறும் காணப்படுவது. ‘செகோந்தோ இ ஜொர்னாலி, இல் மினிஸ்த்ரோ சரெப்பெ பர்த்தீத்தோ’ என்பதன் பொருள், ‘நாளிதழ்களின்படி அமைச்சர் புறப்பட்டுவிட்டாராம்’ என்பதாகும். செய்தியாளர் தாம் கேட்டதைச் சொல்கிறார். அதற்குப் பொறுப்பேற்க மறுக்கிறார். முதற் சூழலில் புறப்படாதவர் இங்குப் பெரும்பாலும் புறப்பட்டுவிட்டவர்! முதல் விதியை மட்டுமே அறிந்த மாணவர் செய்தியை நேர் எதிராக விளங்கிக்கொள்வதில் வியப்பில்லை.

கேட்டதைக் கேட்டவாறே உரைக்கத் தமிழில் ‘ஆம்’ என்னும் ஈறு உண்டு. ‘வந்தாராம்’, ‘சொன்னாளாம்’ என்பன போன்று அது வினையோடு ஒட்டிப் பேசுவோரின் பொறுப்பைக் கழற்றிவிடுகிறது. பொருளளவில் இத்தாலிய நிபந்தனைப் பாங்கின் இப்பயன்பாட்டிற்கு இதனினும் நெருங்கிய இணை கிடைப்பது அரிது. வழக்குநிலையில் மட்டும் இரண்டும் பொருந்துவதில்லை. தமிழ் ‘ஆம்’ கதைக்கும் உரையாடலுக்கும் உரியது. சில வேளைகளில் ஏளனமும் தொனிக்கும். இத்தாலிய வடிவமோ நீதிமன்றச் செய்தியிலும் தயக்கமின்றி வருவது. ஆதலின் செய்தி மொழிபெயர்ப்பில் ‘எனத் தெரிகிறது’, ‘எனக் கூறப்படுகிறது’ என்பனவே தக்கவை. கதையில் ஒரு மூதாட்டி பேசுவதாக இருப்பின் ‘ஆம்’ ஈற்றை விடுவது இழப்பாகும்.

இறந்தகாலங்களின் பெயர்கள்

பஸ்ஸாத்தோ ரெமோத்தோ என்றால் தொலைவிலுள்ள இறந்தகாலம். பஸ்ஸாத்தோ ப்ரோஸ்ஸிமோ என்றால் அண்மை இறந்தகாலம். இப்பெயர்களை அப்படியே நம்பும் மாணவர், தாந்தே 1265-இல் பிறந்தார் என்பதற்கு ‘நாக்வே’ என்னும் தொலைவு வடிவமே வரவேண்டும் என்று எண்ணுகின்றனர். ‘எ நாத்தோ’ என்னும் அண்மை வடிவமும் வழங்குகிறது. வாழ்க்கை வரலாற்று நடையில், தொடர்ச்சியையும் மீள்நிகழ்வையும் காட்டுவதாகக் கற்பிக்கப்படும் இம்பெர்ஃபெத்தோவில் ‘நஷ்ஷேவா’ என்றும் எழுதுவர். ஒருவர் ஒருமுறைதானே பிறக்க முடியும்? இம்மூன்றிடையே அமைந்த தெரிவு காலத்தொலைவைச் சாராமல், கூறுவோரின் நிலைப்பாட்டையும் நடையையும் சார்கிறது. வட்டாரமும் இதில் பங்கு கொள்கிறது. வட இத்தாலியப் பேச்சில் ரெமோத்தோ அருகிவிட்டது. தெற்கில் பல பகுதிகளில் அது பேச்சிலும் வாழ்கிறது. தஸ்கனியில் இரண்டும் பொருள் வேறுபாட்டுடன் வழங்குகின்றன.

இம்பெர்ஃபெத்தோவுக்கும் ப்ரோஸ்ஸிமோவுக்கும் இடையே சில வினைகளில் அமைந்த வேறுபாடு தமிழ் கற்போர்க்கு எளிதில் விளங்கக்கூடியது. ‘சபேவோ’ என்றால் எனக்குத் தெரிந்திருந்தது. ‘ஓ சபூத்தோ’ என்றால் எனக்குத் தெரியவந்தது. ‘தொவேவோ பர்த்தீரே’ என்றால் புறப்பட வேண்டியிருந்தது. புறப்பட்டிருக்கலாம், புறப்படாமலும் இருக்கலாம். ‘சோனோ தொவூத்தோ பர்த்தீரே’ என்றால் புறப்பட வேண்டியதாயிற்று. அதாவது புறப்பட்டே ஆயிற்று. இரு மொழிகளும் இவ்விடத்தில் ஒன்றுக்கொன்று நிகராக நிற்பது, தமிழர்க்கென எழுதப்படும் இத்தாலியப் பாடநூல் ஒன்று முதலில் பயன்கொள்ளவேண்டிய செய்தியாகும்.

வினையோடு ஒட்டி நின்று எதனையும் சுட்டாத பதிலிடுபெயர்களையும் இவ்வாறே அணுகலாம். ‘அந்தார்சேனே’ (கிளம்பிவிடுதல்), ‘கவார்சேலா’ (சமாளித்துக்கொள்ளுதல்), ‘ப்ரேந்தெர்சேலா’ (கோபித்துக்கொள்ளுதல்) என்பனவற்றில் வரும் ‘னே’, ‘லா’ என்பன எதனைக் குறிக்கின்றன என்று கேட்பது, ‘கோபித்துக்கொள்’ என்பதில் எதனைக் கொள்வது என்று கேட்பதைப் போன்றது.

எந்த இத்தாலியம்?

மேற்கூறிய சிக்கல்களுட் பல, இத்தாலிய எழுத்துமொழியின் வரலாற்றில் வேர்கொண்டவை. பெம்போ 1525-இல் வெளியிட்ட நூலில், உரைநடைக்குப் பொக்காச்சோவையும் செய்யுளுக்குப் பெத்ரார்க்காவையும் முன்மாதிரியாகக் கொள்ளுமாறு வலியுறுத்தினார். அவ்விருவரும் அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முற்பட்டவர்கள். க்ரூஸ்கா கழகத்தின் 1612-ஆம் ஆண்டு அகராதி அந்நெறியை நிலைநிறுத்தியது. 1861-இல் நாடு ஒன்றானபோது இத்தாலிய மொழியைப் பயன்படுத்த வல்லார் மக்கள்தொகையில் நூற்றுக்கு 2.5 பேர் என்று துல்லியோ தெ மௌரோவும், பத்துப் பேர் அளவினர் என்று அர்ரீகோ கஸ்தெல்லானியும் கணித்துள்ளனர். எவ்வாறாயினும் பெரும்பாலோர் வட்டார மொழிகளையே பேசினர். இத்தாலியம் பெருந்திரளான மக்களின் பேச்சுமொழியானது இருபதாம் நூற்றாண்டிலேயே ஆகும்.

அவ்வாறு பேச்சுமொழியானபின், இலக்கணநூல்கள் நெடுங்காலம் விலக்கி வைத்த வடிவங்கள் படித்தோர் பேச்சிலும் எழுத்திலும் இடம்பெற்றன. பிரான்செஸ்கோ சபத்தீனி 1985-இல் இதனை இடைநிலைப் பயன்பாட்டு இத்தாலியம் என்றார். கயெத்தானோ பெர்ரூத்தோ 1987-இல் இதற்குப் புதுச் செந்தர இத்தாலியம் என்று பெயரிட்டார். ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’ என்பதற்கு இலக்கணம் கூறும் வடிவம் ‘செ லவெஸ்ஸி சபூத்தோ, சரேய் வெனூத்தோ’. பேச்சில் ‘செ லோ சபேவோ, வெனீவோ’ என்று இரு இம்பெர்ஃபெத்தோ வடிவங்களே போதும். இதனைக் கொச்சை என்று ஒதுக்குவோரும் உளர். நிபந்தனைத் தொடரில் இம்பெர்ஃபெத்தோ வருவதற்கு மன்சோனியின் நாவலிலேயே சான்றுண்டு என்பதை அவர்கள் எண்ணிப்பார்ப்பது நன்று.

தமிழ் மாணவர் இதனைத் தமிழின் இரட்டை வழக்கோடு ஒப்பிட முற்படுவது இயல்பு. காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்த இத்தாலியராகிய வீரமாமுனிவர் தமிழைக் கற்றபோது, கொடுந்தமிழுக்கு ஒன்றும் செந்தமிழுக்கு ஒன்றுமாக இலத்தீனில் இரு தனி இலக்கணங்களை எழுதினார். இத்தாலிய மொழிக்கு அவ்வாறு இரு நூல் எழுத இயலாது. தமிழில் பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே உருபனியல் எல்லை ஓரளவு தெளிவாக உள்ளது. இத்தாலியத்தில் ஒரே பேச்சாளர் ஒரே உரையாடலில் ‘கே சீயா’ என்றும் ‘கே எ’ என்றும் மாறி மாறிக் கூறுவார். ஆகவே மாணவர் தேர்வில் எதனை எழுதுவது என்னும் வினா நடைமுறை வினாவாகிறது. எழுத்துத் தேர்விலும் கல்விசார் கட்டுரையிலும் இலக்கண வடிவங்களைக் கையாளுதலே தக்கது. கேட்டல், படித்தல் பயிற்சிகளில் இரண்டையும் சம அளவில் அளித்தல் வேண்டும். பேச்சு வடிவங்களைப் பிழைப்பட்டியலாக மட்டும் காட்டும் பாடநூல்கள் மாணவரை இத்தாலியத் திரைப்படத்தின் முதற் காட்சியிலேயே கைவிட்டுவிடுகின்றன.

இத்தாலிய இலக்கியம் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கில வழியாகவே வந்துள்ளது. ‘தொவேவோ பர்த்தீரே’, ‘சோனோ தொவூத்தோ பர்த்தீரே’ என்னும் இரண்டும் ஆங்கிலத்தில் ஒரே தொடராக ஒடுங்கிவிடக்கூடியவை. அந்த ஆங்கிலத் தொடரைப் பார்த்து எழுதும் மொழிபெயர்ப்பாளர் ‘புறப்பட வேண்டியிருந்தது’ என்பதா, ‘புறப்பட வேண்டியதாயிற்று’ என்பதா என்று தம் ஊகத்தால் முடிவுசெய்ய நேர்கிறது. மூலத்தில் அவ்வேறுபாடு எழுதப்பட்டிருந்தது. தமிழிலும் அதற்குரிய வடிவம் ஆயத்தமாக இருந்தது. இடையிலுள்ள மொழியில் அது காணப்படவில்லை.